தீவிர இடைவெளிப் பயிற்சி: ஓய்வைக் கணக்கிடுவதிலிருந்து தொடங்குங்கள்

ஜிம்மில் உள்ள சைக்கிளில் நான் முதன்முதலாகத் தீவிர இடைவெளிப் பயிற்சி செய்த நாளின் எண்கள் இன்னும் என் நோட்டில் இருக்கின்றன. 1 நிமிடம் வேகமாக மிதிப்பது, 1 நிமிடம் மெல்ல மிதிப்பது, இப்படி 8 சுற்று என்பது திட்டம். மிதிக்கும் வலுவின் அளவாக, முதல் சுற்றில் திரை 210 வாட் காட்டியது. இரண்டாவதில் 195, மூன்றாவதில் 170. ஐந்தாவது சுற்றில் தொடை எரிந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, 130 வாட்டுக்கு இறங்கிவிட்டேன். ஆறாவது சுற்றைத் தொடங்கவே முடியவில்லை. சட்டை நனைந்துவிட்டதால், நல்ல பயிற்சி செய்துவிட்டதாகவே அன்று நம்பினேன்.

அடுத்த வாரம் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு மாற்றம் சொன்னார். "முதல் சுற்றை 160 வாட்டில் தொடங்குங்கள். எட்டாவது சுற்றிலும் அதே 160 வர வேண்டும்." முதல் மூன்று சுற்றுகள் இவ்வளவுதானா என்று தோன்றின. ஐந்தாவதில் மூச்சு இரைத்தது. ஏழாவதில் ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. ஆனாலும் எட்டாவதை 160 வாட்டிலேயே முடித்தேன். முந்தைய வாரம் 5 நிமிடம்தான் உழைத்திருந்தேன். அதிலும் பிற்பாதி வெறும் தள்ளாட்டம். இந்த முறை 8 நிமிடமும் உருப்படியான உழைப்பு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் "எவ்வளவு கடுமையாகச் செய்ய வேண்டும்?" என்றே கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, "அடுத்த சுற்றையும் இதே தரத்தில் செய்ய எனக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும்?" என்பது. இந்தப் பயிற்சியின் பெயரிலேயே இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைச் சரியாக அமைக்கத் தெரிந்துவிட்டால் மற்றவை தானாகவே பிடிபடும்.

முதலில், இது என்ன என்று பார்ப்போம். உங்களால் நெடுநேரம் தாங்க முடியாத வேகத்தில் கொஞ்ச நேரம் உழைக்கிறீர்கள். பிறகு வேகத்தைக் குறைத்து மூச்சைத் திரும்பப் பெறுகிறீர்கள். மறுபடியும் உழைப்பு, மறுபடியும் ஓய்வு. ஓட்டம், சைக்கிள், நீச்சல், படி ஏறுதல், மேட்டில் விரைந்து நடப்பது என எதில் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். ஒரே சீராக அரை மணி நேரம் ஓடுவதிலிருந்து இதை வேறுபடுத்துவது இந்த ஏற்ற இறக்கம்தான்.

இது நேற்று முளைத்த முறை அல்ல. 1930களிலிருந்து ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பெர்ட் ரைண்டெலும் சேர்ந்து இதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்கள். ஓட்டக்காரரின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏற வேண்டும். பிறகு ஓய்வில் அது 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். ஒன்றரை நிமிடத்துக்குள் அது இறங்காவிட்டால், ஓட்டம் அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். ஓடும்போது அல்ல, ஓடி முடித்த அந்த ஓய்வில்தான் இதயம் வலுப்பெறுகிறது என்பது அவர்களுடைய கருத்து. பிற்கால ஆய்வுகள் அந்த விளக்கத்தை அப்படியே ஏற்கவில்லை. இருந்தாலும், ஓய்வைக் கடிகாரம் வைத்து அளந்த அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடிப் படைத்த உலக சாதனை 1955 வரை நின்றது. செக் வீரர் எமில் சாடோபெக் 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் பல பத்து முறை திரும்பத் திரும்ப ஓடிப் பயின்றவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்.

ஓய்வுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? தசைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்தால் விளங்கும். நீங்கள் திடீரென்று வேகமெடுக்கும்போது, முதல் சில விநாடிகளுக்கு வேண்டிய ஆற்றலைத் தசையிலேயே சேமிப்பில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் தருகிறது. அது மளமளவென்று தீரும். கூடவே தசையிலுள்ள சர்க்கரைச் சேமிப்பு ஆக்சிஜனுக்குக் காத்திராமல் வேகமாக உடைக்கப்படுகிறது. அப்போது லாக்டேட் என்ற வேதிப்பொருள் பெருகுகிறது, தசைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மூன்றாவது வழி நிதானமானது. இதயமும் நுரையீரலும் முழு வேகத்துக்கு வர 1 நிமிடத்துக்கு மேலும் ஆகும். ஆனால் நெடுநேரம் தாங்கக்கூடியது அதுதான். கார்டியோ பயிற்சியில் நாம் வளர்க்க நினைப்பதும் அதைத்தான்.

ஓய்வு தொடங்கியதும் பாஸ்போகிரியேட்டின் நிரம்பத் தொடங்குகிறது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதி திரும்பிவிடும். பெரும்பகுதி நிரம்ப மூன்று நிமிடம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்திலும் இதயத் துடிப்பு உடனே கீழே விழுவதில்லை, ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. சரியான அளவு ஓய்வுக்குப் பிறகு அடுத்த சுற்றைத் தொடங்கினால், தசை ஓரளவு தயாராக இருக்கும். இதயமோ பாதி வேகத்தில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் அது விரைவாக உச்சத்துக்கு ஏறுகிறது. ஒரே மூச்சில் நெடுநேரம் தாங்க முடியாத உழைப்பைத் துண்டு துண்டாக வெட்டி 8 நிமிடம், 16 நிமிடம் என்று உடலுக்குக் கொடுக்க முடிவது இதனால்தான். அந்த உழைப்பின் பலனாக, வாரங்கள் செல்லச் செல்ல இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைச் செல்களில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகிறது.

ஓய்வைக் குறைத்துவிட்டாலோ, இருக்கும் ஓய்வுக்கு மீறிய வேகத்தில் உழைத்துவிட்டாலோ தசை தயாராகாமல் வேகம் சரியும். என் முதல் நாள் நோட்டில் இருப்பது அதுதான். மிக அதிகமாக நீட்டிவிட்டால் இதயம் முழுவதும் அடங்கிவிடும்; ஒவ்வொரு சுற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரு பயிற்சியை வடிவமைக்க உங்கள் கையில் இருப்பவை நான்கு: உழைப்பின் கடுமை, ஒரு சுற்றின் நீளம், ஓய்வின் நீளம், சுற்றுகளின் எண்ணிக்கை. இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. சுற்றை நீட்டினால் கடுமையைக் குறைக்க வேண்டும். கடுமையைக் கூட்டினால் ஓய்வை நீட்ட வேண்டும். 30 விநாடி முழு மூச்சில் பாய்கிற பயிற்சிகளில் 4 நிமிடம் வரை ஓய்வு கொடுப்பது வழக்கம். உழைப்பைப்போல் எட்டு மடங்கு. அதே நேரம் 4 நிமிடச் சுற்றுக்கு 3 நிமிட ஓய்வே போதும், ஏனென்றால் 4 நிமிடம் தாங்கக்கூடிய வேகம் இயல்பாகவே மிதமாகிவிடுகிறது. குறுகிய சுற்றுக்குக் குறைந்த ஓய்வு போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஓய்வின் அளவை முடிவு செய்வது கடிகாரம் காட்டும் உழைப்பு நேரத்தைவிட, அந்த நேரத்தில் நீங்கள் காட்டிய வேகம்.

ஓய்வு என்றால் உட்கார்ந்துவிடுவதும் அல்ல. வேகமாக ஓடிவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, தலை சுற்றும். சிலர் மயங்கியும் விழுவார்கள். மெல்ல நடங்கள், சைக்கிளில் எடையில்லாமல் மிதியுங்கள். கால் தசைகள் அசைந்துகொண்டே இருந்தால் ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது, லாக்டேட்டும் வேகமாக அகல்கிறது.

கடுமையை எப்படி அளப்பது? கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. 2001இல் வெளியான மற்றொரு கணக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டுக்கும் விடை 180தான். 60 வயதில் முதல் கணக்கு 160 என்கிறது, இரண்டாவது 166 என்கிறது. இரண்டுமே சராசரிகள், ஒரே வயதுள்ள இருவருக்கு உச்சத் துடிப்பு 20 வரைகூட வேறுபடலாம். தீவிரச் சுற்றுகளில் உச்சத்தின் 85 முதல் 95 சதவீதம் வரை எட்டுவது இலக்கு. 180 உச்சமுள்ளவருக்கு அது 153 முதல் 171 வரை.

ஆனால் குறுகிய சுற்றுகளில் இந்த எண்ணை நம்பாதீர்கள். இதயம் உழைப்பைத் தொடர்ந்து மெதுவாகத்தான் ஏறுகிறது. 30 விநாடிச் சுற்று முடிந்து நீங்கள் நடக்கத் தொடங்கிய பிறகும் கடிகாரத்தில் எண் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். முதல் சுற்றிலேயே 160ஐத் தொட்டாக வேண்டும் என்று விரட்டினால் அளவுக்கு மீறி ஓடிவிடுவீர்கள்.

தொடங்குகிறவருக்கு மிக நம்பகமான கருவி சொந்த மூச்சுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் உழைப்பின் உணர்வை எண்ணாக்க 6 முதல் 20 வரையிலான ஓர் அளவுகோலை உருவாக்கினார். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இதயத் துடிப்பு வரும்படி அமைத்தார். அன்றாடத்துக்கு 0 முதல் 10 வரையிலான எளிய அளவே போதும். 3 என்றால் தடையில்லாமல் பேசலாம். 5இல் வாக்கியங்களை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். 8இல் மூன்று நான்கு வார்த்தைகள்தான் வரும். 10இல் பேச்சே எழாது. முதல் மாதத்தில் சுற்றுகள் 7, 8ஐத் தாண்ட வேண்டியதில்லை. ஓய்வு முடியும்போது 4க்காவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையா? இன்னும் 15 விநாடி நடங்கள். கடிகாரம் ஒலித்துவிட்டது என்பதற்காகப் பாயாதீர்கள்.

இணையத்தில் அதிகம் கண்ணில் படுவது தபாட்டா முறை: 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு, 8 சுற்று, மொத்தம் 4 நிமிடம். நேரம் குறைவு என்பதால் இதை ஆரம்பப் பயிற்சி என்று எண்ணி இறங்குகிறவர்கள் ஏராளம். இதன் வேரைத் தெரிந்துகொண்டால் அப்படி எண்ண மாட்டார்கள். ஜப்பானின் ஸ்பீட் ஸ்கேட்டிங் அணிக்கு அதன் பயிற்சியாளர் இரிசாவா கொடுத்துவந்த பயிற்சி இது. விஞ்ஞானி இசுமி தபாட்டாவும் குழுவினரும் இதை ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்றவர்கள் ஏற்கனவே உடற்பயிற்சியில் ஊறிய இளைஞர்கள். உடல் உள்வாங்கக்கூடிய உச்ச ஆக்சிஜனுக்கு ஈடான உழைப்பைப்போல் 1.7 மடங்கு கடுமையில் மிதித்தார்கள். ஏழு எட்டுச் சுற்றில் மிதிக்கவே முடியாமல் ஓய்ந்துபோகும்படி அளவு நிர்ணயிக்கப்பட்டிருந்தது. வாரத்துக்கு 5 நாள், 6 வாரம். அதற்கு முன் 10 நிமிட வார்ம் அப் வேறு. பலன் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் 10 விநாடியில் மூச்சுகூடத் திரும்பாது என்பதால், புதியவர் கையில் இது மூன்றாவது சுற்றிலேயே தளர்ந்துபோய், வெறும் களைப்பாக மிஞ்சும்.

நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகர ஆய்வாளர்கள் புகழ்பெறச் செய்த 4×4 முறை வேறு வகை. உச்சத் துடிப்பின் 90 முதல் 95 சதவீதத்தில் 4 நிமிடம், இடையில் 70 சதவீதத்தில் 3 நிமிடம், இப்படி 4 சுற்று. 2007இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், வாரம் 3 முறை என 8 வாரம் இதைச் செய்த ஆரோக்கியமான இளைஞர்களின் உச்ச ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் சராசரியாக 7.2 சதவீதம் கூடியது. இதயத் திறனை வளர்ப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த முறை இது. வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பக்குவம் வேண்டும் என்பதால் மூன்றாவது மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் ஆராய்ந்த 10×1 முறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: 1 நிமிட உழைப்பு, 1 நிமிட மென்மை, 10 முறை. தொடக்கநிலையில் இருப்பவர் இரண்டு மாதத்துக்குப் பிறகு போய்ச் சேர வேண்டிய இடமாக இதை வைத்துக்கொள்ளலாம்.

அங்கே போகும் பாதை இதோ. மேட்டில் விரைந்து நடப்பதையோ சைக்கிளையோ தேர்ந்தெடுங்கள். பர்பி (தரையில் படுத்து எழுந்து குதிப்பது), குதித்து எழும் ஸ்குவாட் போன்றவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். மூச்சு முட்டும்போது முதலில் குலைவது உடல் நிலையின் ஒழுங்கு, அதன் விலையை முழங்காலும் இடுப்பும் கொடுக்கும். முதல் 10 நிமிடம் வார்ம் அப். அதில் 6 நிமிடம் எளிதாக, பிறகு 3 நிமிடம் கொஞ்சம் விரைவாக, கடைசி 1 நிமிடத்தில் 10 விநாடி வேகம் இரண்டு முறை. வார்ம் அப்பை விட்டுவிட்டால் முதல் இரண்டு சுற்றுகளே வார்ம் அப்பாகக் கரைந்துபோகும். பிறகு 30 விநாடி உழைப்பு, 90 விநாடி மெல்லிய நடை, 6 சுற்று. அது 12 நிமிடம். கடைசியில் 5 நிமிடம் மெல்ல நடந்து, பேச்சு இயல்பாக வரும்வரை காத்திருந்து முடியுங்கள். மொத்தம் 27 நிமிடம். அதில் கடும் உழைப்பு 3 நிமிடம்தான். குறைவு என்று தோன்றும், முதல் வாரத்துக்கு அது போதும்.

முதல் 2 வாரம் இப்படி. 3ஆம், 4ஆம் வாரங்களில் சுற்றுகளை மட்டும் 8 ஆக்குங்கள். 5, 6இல் ஓய்வைத் தொடாமல் உழைப்பை 45 விநாடிக்கு நீட்டுங்கள். 7, 8இல் உழைப்பு 1 நிமிடம், ஓய்வு அதே 90 விநாடி. அதற்குப் பிறகு ஓய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக 1 நிமிடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றுகளை 10 ஆக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுற்றைக் கூட்டி, ஓய்வையும் அதே வாரம் குறைத்தால், பயிற்சி கெட்டுப்போனது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு கட்டத்தின் கடைசிச் சுற்று முதல் சுற்றின் வேகத்துக்கு வரவில்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் இன்னொரு வாரம் அங்கேயே நில்லுங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை போதும், நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுற்றுகளுக்கு இடையே இருக்கும் ஓய்வைப் போலவே நாட்களுக்கு இடையே இருக்கும் ஓய்வும் பயிற்சியின் பகுதி. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே செய்யக்கூடிய மென்மையான நடையோ சைக்கிளோ இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு என்கிறது. இரண்டையும் கலந்தும் செய்யலாம். இரண்டு தீவிரப் பயிற்சிகளால் மட்டும் அந்தக் கணக்கு நிறையாது. தேர்ந்த தொலைதூர வீரர்களே தங்கள் பயிற்சியில் பெரும்பகுதியை மென்மையான வேகத்தில்தான் செய்கிறார்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் மணிக்கணக்கில் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. முடிந்த பின் ஆக்சிஜன் தேவை சிறிது நேரம் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் அதில் செலவாகும் கலோரி சொற்பம். இதயத் திறனுக்காக, நேரம் மிச்சப்படுவதற்காக இதைச் செய்யுங்கள். அந்த இரண்டு காரணங்களும் வலுவானவை.

நெஞ்சு வலி, காரணமில்லாத மயக்கம், இதயநோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் இருப்பவர்களும், கர்ப்பிணிகளும், பல ஆண்டுகளாக உடலை அசைக்காதவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. அவர்களுக்கு மேலே சொன்ன துடிப்புக் கணக்குகள் பொருந்தாது, மூச்சை வைத்து அளப்பதே சரி. பயிற்சியின் நடுவே நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ, படபடப்போ வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள். காய்ச்சல் அடிக்கும் நாளிலும், தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாளும் சுற்றுகளை விட்டுவிட்டு மெல்ல நடந்துவிட்டு வாருங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் வேகத்தையும் எழுதுங்கள். கூடவே கடைசிச் சுற்று முடிந்த நொடியில் துடிப்பு எவ்வளவு, மெல்ல நடந்தபடி சரியாக 1 நிமிடம் கழித்து எவ்வளவு என்பதையும் குறித்துவையுங்கள். உடல் பழகப் பழக அந்த 1 நிமிடத்தில் துடிப்பு இறங்கும் அளவு கூடிக்கொண்டே போகும். என் நோட்டில் முதல் வாரம் 168இலிருந்து 147க்கு இறங்கியிருக்கிறது. ஒன்பதாவது வாரம், அதே சைக்கிளில், அதே 160 வாட்டில், 159இலிருந்து 124க்கு.